பள்ளியும் பயண நேரமும்: குடியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீடு தேடத் தொடங்கும்போது பெரும்பாலோர் அறைகளின் எண்ணிக்கை, வெளிச்சம், வாடகை ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்கிறோம். வீடு பிடித்துப்போன பிறகே அருகில் என்ன பள்ளி இருக்கிறது, அலுவலகத்திற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரிக்கிறோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வெறிச்சோடிய சாலையில் 20 நிமிடங்களில் சென்று பார்த்த வீட்டிலிருந்து, திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போய்ச் சேர 55 நிமிடங்கள் ஆயின. வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கிருந்த காலம் முழுவதும் எங்கள் குழந்தை காலை உணவைப் பாதி நாட்கள் வண்டியில்தான் சாப்பிட்டது. ஆகவே இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும், உங்கள் குடும்பத்தின் காலைப் பொழுதை முதலில் திட்டமிட்டு அதற்கு இடம் கொடுக்கும் பகுதியைக் கண்டுபிடித்த பின்னரே வீட்டைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழிமுறையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: மாற்ற முடியாத நேரங்களை எழுதுங்கள்

ஒரு தாளில் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருந்தாக வேண்டும் என்பதை எழுதுங்கள். பள்ளியின் கதவு திறக்கும் நேரம், மூடும் நேரம், அலுவலகம் தொடங்கும் நேரம், வாரத்தில் எத்தனை நாட்கள் நேரில் போக வேண்டும், குழந்தையைக் கொண்டுபோய் விடுவது யார், அழைத்து வருவது யார் ஆகியவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். மாலை நேரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளி 3 மணிக்கு முடிந்து பெற்றோர் 6 மணிக்கு வீடு திரும்பினால், நடுவிலுள்ள 3 மணி நேரம் குழந்தை யாரிடம் இருக்கும் என்ற கேள்வியும் இருப்பிடத்தைப் பற்றிய கேள்விதான்.

இரண்டாம் படி: பயணத்திற்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்

மனிதர்கள் அன்றாடப் பயணத்திற்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருந்துவருகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் வாதிட்டார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தவர்களின் பழைய நகரங்கள் மையத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டருக்குள் அடங்கியதையும், வாகனங்களின் வேகம் கூடக்கூட நகரங்கள் விரிந்ததையும் அவர் சான்றாகக் காட்டினார். இது சராசரியைப் பற்றிய கூற்றே தவிர எல்லோருக்குமான விதி அன்று. ஆயினும் போவதற்கு அரை மணி, வருவதற்கு அரை மணி என்பது தொடக்கத்திற்கு நல்ல அளவுகோல்.

அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வழிக்கு 45 நிமிடங்கள், ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்றால் மொத்தம் 330 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 41 நாட்களுக்கும் மேல். ஒரு வழிக்கு வெறும் 10 நிமிடங்கள் குறைந்தாலே ஆண்டுக்கு 73 மணி நேரம் மிச்சமாகும். பெரிய வீடு கிடைத்தால் நீண்ட பயணம் பழகிவிடும் என்று நம்புவோர் உண்டு. ஆனால் புருனோ ஃபிரே, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தபோது, நீண்ட பயணம் செய்வோரின் வாழ்க்கை மனநிறைவு குறைவாகவே இருந்ததையும், நல்ல வீடோ கூடுதல் ஊதியமோ அதை முழுமையாக ஈடுகட்டவில்லை என்பதையும் கண்டார்கள்.

மூன்றாம் படி: தொலைவை விட்டுவிட்டு நேரத்தை வரைபடமாக்குங்கள்

ஓர் இடத்திலிருந்து ஒரே நேரத்தில் சென்றடையக்கூடிய இடங்களை இணைக்கும் கோட்டைச் சமநேரக் கோடு என்பார்கள். லண்டனிலிருந்து உலகின் பகுதிகளுக்குச் செல்ல எத்தனை நாட்கள் ஆகும் என்பதை வண்ணங்களால் காட்டும் இத்தகைய வரைபடத்தை ஃபிரான்சிஸ் கால்டன் 1881-இல் வெளியிட்டார். இன்று அதை நீங்களே உங்கள் மேசையில் செய்யலாம். அலுவலகத்தைச் சுற்றிப் பல திசைகளில் 12 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அலைபேசியிலுள்ள வரைபடச் செயலியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலுவலக நேரத்திற்குள் சென்று சேருமாறு நேரத்தைக் குறித்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் உச்சவரம்புக்குள் வரும் இடங்களை வரைபடத்தில் புள்ளியிட்டு இணையுங்கள். கிடைக்கும் உருவம் வட்டமாக இருக்காது. ரயில் பாதையும் பெருஞ்சாலையும் போகும் திசைகளில் நீண்டும், ஆறோ பாலமோ குறுக்கிடும் பக்கங்களில் சுருங்கியும் இருக்கும். மையத்திலிருந்து 6 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பகுதி கோட்டுக்கு வெளியேயும், 15 கிலோமீட்டரில் இருக்கும் மற்றொன்று உள்ளேயும் விழுவதைப் பார்க்கும்போது, விளம்பரங்களில் வரும் கிலோமீட்டர் கணக்கை ஏன் நம்பக் கூடாது என்பது விளங்கும்.

வேலைக்குப் போகும் இருவருக்கும் தனித்தனியாக வரைந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியே நீங்கள் தேட வேண்டிய இடம். அப்படி ஒரு பகுதி அமையாவிட்டால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த நிலையில் பெரியவர்களின் பயணம் நீளட்டும், குழந்தையின் பயணம் நீள வேண்டாம் என்பேன். ஆறு வயதுக் குழந்தைக்கு வண்டியில் கழியும் ஒரு மணி நேரம், தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் பறிக்கப்படும் ஒரு மணி நேரம்.

நான்காம் படி: பள்ளிகளை விசாரியுங்கள்

முதல் கேள்வி பள்ளியின் தரம் அன்று. அந்த முகவரியில் குடியிருந்தால் அந்தப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதே. உலகின் பல இடங்களில் அரசுப் பள்ளிகளுக்குச் சேர்க்கை எல்லை உண்டு; ஒரே தெருவின் இரு பக்கங்களும் வெவ்வேறு பள்ளிகளுக்கு உட்பட்டிருக்கலாம். வேறு சில இடங்களில் எல்லைக்கோடு கிடையாது. வீட்டுக்கும் பள்ளிக்குமான தொலைவு, ஏற்கெனவே அங்கே படிக்கும் அண்ணனோ அக்காவோ, குலுக்கல் என்று முன்னுரிமைகள் இருக்கும். கட்டணப் பள்ளிகளுக்குத் தனி விதிகள். வீட்டு எண்ணைக் குறிப்பிட்டுக் கல்வி அலுவலகத்திடமோ பள்ளியிடமோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுத் தரகர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கடந்த ஆண்டு எவ்வளவு தொலைவு வரை இடம் கிடைத்தது, எல்லையை மாற்றும் திட்டம் இருக்கிறதா, பள்ளி எந்த வகுப்பு வரை நடக்கிறது என்பவற்றையும் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியை நம்பி வீடு வாங்கினால், அடுத்த பள்ளி எங்கே என்ற கேள்வி அப்போதே எழுந்துவிடுகிறது.

நல்ல பள்ளியின் விலை பெரும்பாலும் வீட்டின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக இருந்தால் வீட்டுக்குச் சுமார் 2.5 விழுக்காடு கூடுதல் விலை கொடுக்கப் பெற்றோர் முன்வந்தது தெரிந்தது. அவ்வாறு கூடுதலாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். மொத்த மதிப்பெண் பட்டியல் பள்ளியின் கற்பித்தலை மட்டும் காட்டுவதில்லை. அங்கே சேரும் குழந்தைகளின் வீட்டுச் சூழலையும் சேர்த்தே காட்டுகிறது. சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து குழந்தைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கு கிடைத்தால் அதையே பாருங்கள். கிடைக்காத இடத்தில், கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், வாசிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு என்ன செய்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பள்ளியின் குணம் தெரியும்.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கால் மணி நேரம் நின்றும் பாருங்கள். நான் அப்படி நின்ற ஒரு பள்ளியில், கடைசியாக வெளியே வந்த சிறுவனின் காலணிக் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அவனோடு வந்த ஆசிரியை கையிலிருந்த நோட்டுகளைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்து அதைக் கட்டினார். அவன் அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு அன்று வகுப்பில் நடந்த ஏதோ ஒன்றை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பள்ளி நடுவில்தான் இருந்தது. எங்கள் குழந்தையை அங்கேதான் சேர்த்தோம்.

ஐந்தாம் படி: பயணத்தை நேரில் செய்து பாருங்கள்

செயலி காட்டும் நேரம் பெரும்பாலும் வண்டி ஓடும் நேரம்தான். நமக்கு வேண்டியது வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து இருக்கையில் உட்காரும் வரையிலான நேரம். குறைந்தது இரண்டு வேலை நாட்களிலாவது, முடிந்தால் ஒரு மழை நாளிலும், உண்மையான நேரத்தில் புறப்பட்டு ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 7:35-க்குக் கதவைப் பூட்டுகிறீர்கள், 7:43-க்குப் பள்ளி வாசல், குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு நகர 7:49, நிறுத்தத்திற்கு நடந்து சேர 7:55, பேருந்து வர 8:04, இறங்கும்போது 8:29, நடந்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து மேசைக்கு வர 8:38. பேருந்தில் இருந்தது 25 நிமிடங்கள், ஆனால் காலை எடுத்துக்கொண்டது 63 நிமிடங்கள். 20 நிமிடங்களுக்கு ஒரு பேருந்து என்றால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்திற்குப் போகிறவர் சராசரியாக 10 நிமிடங்கள் நிற்க வேண்டியிருக்கும். நடுவில் வண்டி மாற வேண்டியிருந்தால், அடுத்ததைத் தவறவிடும் நாளின் இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஒரு திசையிலும் அலுவலகம் எதிர்த்திசையிலும் இருந்தால், வந்த வழியே திரும்பும் நேரமும் உங்கள் கணக்கில்தான் விழும்.

சராசரியை மட்டும் பார்ப்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. ஐந்து நாட்களின் பயணம் 32, 35, 34, 58, 33 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 38 நிமிடங்கள்தான். ஆனால் அந்த 58 எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே தெரியாததால், தாமதமே கூடாது என்பவர் தினமும் 58 நிமிடங்கள் முன்பாகவே புறப்பட வேண்டும். தினமும் 42 நிமிடங்கள் பிடிக்கும் ரயில் பயணம் இதைவிட மேலானது. நான் தேர்வு செய்வதும் அதையே.

ஆறாம் படி: கழித்துக்கட்டி, பிறகு ஒப்பிடுங்கள்

பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. பள்ளியில் இடம் கிடைக்காத பகுதியும், குழந்தை நெரிசலான சாலையைத் தனியே கடக்க வேண்டிய பகுதியும் மற்றவற்றில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் பயன்படப்போவதில்லை. அவற்றை முதலிலேயே நீக்கிவிடுங்கள். மிஞ்சும் இரண்டு மூன்று பகுதிகளை ஒப்பிடும்போது, மாத வாடகையில் உள்ள வேறுபாட்டிலிருந்து மிச்சமாகும் எரிபொருள், பயணச் சீட்டுச் செலவைக் கழித்து, மீதியைக் குடும்பத்தில் அனைவருக்கும் சேர்த்து மிச்சமாகும் மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பெற நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். அது கட்டுபடியாகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாங்கும் எண்ணம் இருந்தாலும், முடிந்தால் ஒரு கல்வியாண்டு அந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால், கையெழுத்திடும் முன்பு ஒரு வேலை நாள் காலையில் குழந்தையின் தோளில் புத்தகப் பையை மாட்டி, அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளிக் கதவு வரை அதன் நடையின் வேகத்திலேயே கூட நடந்து, ஆன நிமிடங்களை உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.