மூன்று நாளில் மறையும் பரு: முகப்பரு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவைக் கிள்ளாதே, முகத்தைப் போட்டுத் தேய்க்காதே, நகத்தை வெட்டு. இதையெல்லாம் பதின்ம வயதினருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தினமும் கேட்டுச் சலித்திருப்பார்கள். தோல் மருத்துவராக எனக்கு எரிச்சல் மூட்டுபவை அக்கறை மிகுந்துபோய்ச் செய்யும் தவறுகள்தாம். பள்ளி நாட்களில் என் முகத்தில் நானே நடத்திய பரிசோதனைகளும் இவையே என்பதால், எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்பது பல நேரங்களில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

மூன்று நாளில் பலன் தரும் கிரீம்

அம்மாவுடன் வந்த ஒரு மாணவி சொன்னாள்: "இந்த கிரீமைப் போட்டால் முகம் பளிச்சென்று இருக்கிறது டாக்டர். நிறுத்தினால்தான் பரு வருகிறது." அதைக் கேட்ட பிறகு ட்யூபை வாங்கிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தேன். பீட்டாமெத்தசோன். உறவுக்காரப் பெண் ஒருவருக்குக் கையில் வந்த அரிப்புக்காக எப்போதோ எழுதிக் கொடுத்த மருந்து. நல்ல மனதுடன் கை மாறி இவள் முகத்துக்கு வந்திருக்கிறது.

இது ஸ்டீராய்டு. பருவில் நாம் காணும் சிவப்பும் வீக்கமும் அழற்சி. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் சுருக்கும். அதனால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்துவிடும், முகம் ஒரு படி வெளுத்ததுபோலவும் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பருவுக்குக் காரணமான மயிர்க்கால் அடைப்பும் எண்ணெய்ச் சுரப்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வாரக்கணக்கில் தடவிக்கொண்டே போனால் அந்த கிரீமே பருவை உண்டாக்கத் தொடங்கும். சாதாரண முகப்பருவில் கரும்புள்ளி, வெண்முனை, சிவந்த பரு, சீழ்ப்பரு எல்லாம் கலந்திருக்கும். ஸ்டீராய்டால் வருபவை ஒரே அச்சில் வார்த்தவைபோல ஒரே அளவில், ஒரே கட்டத்தில் இருக்கும். இது தெரியாத காலம் என்று ஒன்று இருந்திருந்தால் மன்னிக்கலாம். ட்ரெட்டினாயினை முகப்பரு மருந்தாக நிலைநிறுத்திய தோல் மருத்துவர்கள் ஆல்பர்ட் க்ளிக்மனும் ப்ளேவிக்கும், தோலில் தடவும் ஸ்டீராய்டு பருவைத் தூண்டும் என்று 1973இலேயே எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1975இல் அதே க்ளிக்மன் வில்லிஸுடன் சேர்ந்து ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த நிறம் குறைக்கும் கலவை ஒன்றை வெளியிட்டார். மங்கு எனும் முகக் கருந்திட்டுக்குக் குறுகிய காலம் பயன்படுத்தவேண்டிய அந்த வகைக் கலவைகள்தாம் இன்று 'முகத்துக்கான கிரீம்' என்ற பெயரில் பரு உள்ள பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர்கின்றன.

அந்த மாணவி சொன்னதற்குத் திரும்புகிறேன். கிரீமை நிறுத்தியதும், சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் விரிகின்றன. முகம் சிவக்கிறது, எரிகிறது, அடக்கி வைத்த பரு மொத்தமாக எழும்புகிறது. மறுபடி தடவினால் அடங்குகிறது. கிரீம் செய்த கேட்டையே கிரீமின் நற்சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சுழல் மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் சிவந்த இழைகளாகத் தெரியத் தொடங்கும். கன்னத்தில் மென்முடி வளரும். சில இடங்களில் நிறம் திட்டுத்திட்டாகக் குறையும். கண்ணைச் சுற்றி நெடுங்காலம் தடவினால் கண் அழுத்தம் கூடும் ஆபத்தும் உண்டு. உள்ளங்கைத் தோலைவிட முகத்தோல் மருந்தைப் பல மடங்கு உறிஞ்சும். கையில் தடவியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது முகத்துக்குச் சான்றாகாது.

ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது பருவுக்கான மருந்தல்ல. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாமல் சிறு டப்பாவில் வரும் கிரீம்மீது இன்னும் கூடுதலாகச் சந்தேகம் வேண்டும். ஏற்கெனவே பல வாரங்களாகத் தடவிவருபவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். படிப்படியாகக் குறைப்பதா, மாற்று மருந்தா என்பதை மருத்துவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். இடையில் சில வாரங்கள் முகம் மோசமாகத்தான் இருக்கும். அந்த மாணவியிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். அவளைவிட அம்மாவை நம்பவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

பெரிய கட்டி ஒன்றுக்குள் மருத்துவர் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் வாரத்தில் கைவிடுவது

இன்று கண்ணாடியில் தெரியும் பரு, கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது. அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற தடவும் பரு மருந்துகள் இனிமேல் வரவிருக்கும் அடைப்புகளைத் தடுக்கின்றன. ஆகவே பலனை 8 முதல் 12 வாரங்கள் கழித்தே எடைபோட முடியும். முதல் சில வாரங்களில் பரு சற்று கூடவும் செய்யலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்துவது சரியாக அப்போதுதான். அதன் பிறகு அவர்கள் தேடிப் போவது மேலே சொன்ன மூன்று நாள் கிரீமை.

பாதிப் பேர் இதைத் தடவும் முறையும் தவறு. பருவின்மீது மட்டும் பொட்டு வைப்பதுபோல வைக்கிறார்கள். பரு வரக்கூடிய பகுதி முழுவதற்கும் பட்டாணி அளவு மருந்தை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும்; இரவில், முகம் நன்றாக உலர்ந்த பிறகு. தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தோல் உரிந்தால் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்ற கேள்வியால் நல்ல மருந்துகள் பல குப்பைக்குப் போயிருக்கின்றன.

சதவீதம் கூடினால் பலனும் கூடும் என்று நம்புவது

பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடில் 2.5 சதவீதமே பெரும்பாலோருக்குப் போதும். 10 சதவீதத்தில் நிச்சயமாகக் கூடுவது எரிச்சல். தலையணை உறையும் வெளுத்துப்போகும்.

ஆன்டிபயாடிக்கை மட்டும் நம்புவது

க்ளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் தடவினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். கூடவே பென்சாயில் பெராக்சைடு இருந்தால் அந்த ஆபத்து குறையும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் அப்படித்தான். பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்குள் நிறுத்திவிடுவோம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது. இரவு படுக்கையிலேயே விழுங்கிவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று மறுநாள் வருபவர்கள் உண்டு. மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கியிருக்கும்.

கரும்புள்ளியை அழுக்கு என்று நினைப்பது

அது தோலுக்கு நிறம் தரும் மெலனின். தேய்த்தால் போகாது.

அரிக்கும் பருவையும் முகப்பருவாகவே நடத்துவது

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் சிறு பொரிகள், கூடவே அரிப்பு, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் இன்னும் கூடியிருக்கிறது என்றால் மலசேசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

ஐசோட்ரெட்டினாயினை நண்பரிடம் கடன் வாங்குவது

கூடவே கூடாது. கர்ப்ப காலத்தில் உட்கொண்டால் கருவுக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் மருந்து இது. ரத்தப் பரிசோதனை, தொடர் கண்காணிப்பு இல்லாமல் யாரும் தொடக்கூடாது. முறையாகக் கொடுத்தால் இதைப் போலக் கடும் பருவை அடக்கும் மருந்து வேறில்லை என்பதும் உண்மை.

"வயதானால் தானாகப் போய்விடும்"

பலருக்குப் போய்விடும்தான். தொட்டால் வலிக்கும், ஆழத்தில் உருளும் கட்டிகள் வருபவர்களுக்கு இந்த ஆறுதலைச் சொல்லாதீர்கள். பெற்றோருக்குப் பருத்தழும்பு இருந்தால் இன்னும் சீக்கிரமாக மருத்துவரைப் பாருங்கள். பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமை மாதங்களில் மங்கும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தடவினால் இன்னும் நல்லது. பள்ளம் விழுந்த தழும்புக்கு லேசர், நுண்ணூசி என்று என்ன செய்தாலும் பழைய தோல் முழுமையாகத் திரும்புவதில்லை. பருவுக்காகப் பிள்ளை வெளியே வர மறுக்கிறான், படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றால், எண்ணிப் பார்க்க நாலே பரு இருந்தாலும் சிகிச்சையைத் தொடங்குவதற்கு அதுவே போதுமான காரணம்.