உங்கள் பாடத்தாள் கடல் தாண்டட்டும்: தாதியர் பயிற்றுநர்களுக்கு ஒரு செய்முறை

காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பசியாறாமல் செம்பனைக் குலை வெட்டப் போனவர், ஒன்பது மணிக்கெல்லாம் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். இதை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் எழுதிய ஒரு பக்கப் பாடத்தாள் இன்று மதுரையிலும் மட்டக்களப்பிலும் வகுப்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கூட்டுறவு என்றதும் ஒப்பந்தம், பல்கலைக்கழகம், விமான டிக்கெட் என்று மலைத்து ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு தாள் போதும், தொடங்கலாம்.

படி 1: ஒரே ஒரு தாள்

முழுப் பருவத்துப் பாடங்களையும் அள்ளி அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பலமுறை நடத்தி, எங்கே மாணவிகள் தடுமாறுவார்கள் என்று கண்டுகொண்ட ஒரு தலைப்பை எடுங்கள்.

படி 2: யாருடையது என்று பாருங்கள்

பாடநூலிலிருந்து எடுத்த படங்களை நீக்குங்கள். கல்லூரி வேலைக்காகத் தயாரித்தது என்றால் கல்லூரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நோயாளியின் புகைப்படம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. முகம் தெரியாவிட்டாலும் கைப்பட்டையில் அடையாள அட்டை எண் இருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடம்கூடப் பதிவாகியிருக்கலாம். நம் மாதிரி சின்ன ஊரில் காலில் இருக்கும் தழும்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். நான் பென்சிலால் வரைந்துவிடுகிறேன்.

படி 3: உரிமம் போடுங்கள்

தாளின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது அனுமதி, ஒன்றைக் குறிப்பிடுங்கள். 'சிசி பிஒய் 4.0' என்றால், உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பேவா வேலி தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் 'ஓபன் ஆர்என்' திட்டத்தின் தாதியர் பாடநூல்கள் இந்த உரிமத்தில்தான் கிடைக்கின்றன. உரிமத்தின் பெயரில் 'என்டி' என்ற எழுத்துகள் இருந்தால் கவனம்: மாற்றியதைப் பகிரக் கூடாது, மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகள் பெரும்பாலும் வணிக நோக்கமற்ற உரிமத்தில் வருகின்றன. தமிழாக்கம் செய்தால் அது அந்த நிறுவனம் செய்த மொழிபெயர்ப்பு அல்ல என்று எழுத வேண்டும், அதன் சின்னத்தையும் போடக் கூடாது.

படி 4: அலகும் சொல்லும்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். முதல் தடவை, தமிழ்நாட்டுத் தோழி அனுப்பிய தாளை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். 'சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு கொடு' என்றிருந்தது. பயிற்சியில் ஒரு மாணவி சோதனைக் கருவியைப் பார்த்தாள்: 6.2. "மேடம், எழுபதுக்கு ரொம்பக் கீழே இருக்கு!" என்று சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினாள். ரத்தச் சர்க்கரைக்கு இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு (mg/dL), நமக்கு மில்லிமோல் கணக்கு (mmol/L). நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 6.2 என்பது ஏறக்குறைய 112, எந்தக் குறையும் இல்லாத அளவு. அவர்களுடைய 70 நமக்கு 3.9. மாணவி செய்ததில் தவறில்லை, தாள்தான் தவறு. அன்றிலிருந்து இரண்டு அலகையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன்.

மருந்துப் பெயரும் இப்படித்தான். நம் பாராசிட்டமோல் அமெரிக்கத் தாளில் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். தமிழுக்குள்ளேயே வேறுபாடு உண்டு: இங்கும் இலங்கையிலும் தாதியர், தமிழ்நாட்டில் செவிலியர். நாம் இனிப்பு நீர் என்பதை அவர்கள் சர்க்கரை நோய் என்பார்கள். ஒன்றை வெட்டி இன்னொன்றைத் திணிக்காதீர்கள், அந்தந்த ஊர் ஆசிரியரே மாற்றிக்கொள்ளட்டும்.

படி 5: அனுப்புவது

பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் அவர்களால் திருத்த முடியாது. வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். படங்களைச் சுருக்குங்கள், தோட்டப்புற இணைய லைனில் பெரிய கோப்பு இறங்காது. பேச வேண்டுமென்றால் நம் இரவு 8.30 இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மாலை 6.00.

படி 6: திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளுங்கள்

திருத்திய தாளைக் கேட்டு வாங்குங்கள். தேதியும் திருத்தியவர் பெயரும் போட்டுக் கூகுள் டிரைவில் வையுங்கள். என் தாளில், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுசோதனை என்பது முதல் வரியாக இருந்தது. 'மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதே' என்பது கடைசி வரி. மட்டக்களப்பு ஆசிரியை அந்தக் கடைசி வரியைத் தூக்கி முதலில் வைத்து, கட்டம் போட்டு அனுப்பினார். இப்போது எங்கள் மாணவிகள் கையில் இருப்பது அந்தத் தாள்தான்.