தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் மேக்னெட் பள்ளிகளை ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கின் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன், சிகாகோவின் வால்டர் பேட்டன் போன்ற அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. ஆனால் இடம் கிடைப்பதோ மிகக் கடினம். மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் இப்பள்ளிகளில் எது மேலானது என்ற கேள்வி, அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளை ஆறாம் வகுப்பைத் தாண்டியதுமே எழுந்துவிடுகிறது. எந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) வீடு வாங்குவது என்பதைக்கூட அதை வைத்தே முடிவு செய்பவர்கள் உண்டு. அப்படித் தேடுவோருக்குக் கிடைப்பவை தரவரிசைப் பட்டியல், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் சராசரி மதிப்பெண், ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகளின் தேர்ச்சி விகிதம், பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவை. இந்த எண்கள் பெரும்பாலும் சரியானவையே. அவற்றிலிருந்து நாம் எடுக்கும் முடிவுகள்தான் தவறிப்போகின்றன.

முதலில், எந்தப் பள்ளியை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மேக்னெட் என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு பள்ளி திறமை பார்த்துச் சேர்க்கும் பள்ளி ஆகிவிடாது. இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளைக் கலக்கச் செய்வதற்காக, பல பகுதிப் பிள்ளைகளையும் ஒரு சிறப்புப் பாடத்திட்டத்தால் ஈர்க்கும் நோக்கத்துடன் 1970களில் இவ்வகைப் பள்ளிகள் பெருகின. அவற்றில் பல இன்றும் குலுக்கல் முறையில்தான் இடம் தருகின்றன. குலுக்கலில் சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணை ஸ்டைவசன்ட் மாணவர்களின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்து, முதல் பள்ளியில் கற்பித்தல் சரியில்லை என்று சொல்வது அநியாயம். பள்ளிக்குள் பள்ளியாக இயங்கும் பிரிவுகளும் கணக்கைக் குழப்புகின்றன. மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள மாண்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம், அறிவியல், கணினிக்கான மேக்னெட் பிரிவு 1985 முதல் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 100 பேரையே அது சேர்க்கிறது. பள்ளியிலோ மொத்தம் 3,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். பள்ளியின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த 100 பேர் கண்ணில் படவே மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வாசலில் நுழையும்போதே மாணவரிடம் இருந்த திறமையைப் பள்ளி கொடுத்ததாகக் கணக்கில் எழுதிவிடுவது. நியூயார்க்கில் ஆண்டுதோறும் சுமார் 25,000 எட்டாம் வகுப்பு மாணவர்கள் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வை எழுதுகிறார்கள். அதன் அடிப்படையில் சேர்க்கும் எட்டுப் பள்ளிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேருக்குத்தான் இடம். அவர்களிலும் முன்வரிசையில் நிற்பவர்களே ஸ்டைவசன்ட்டுக்குப் போகிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய எஸ்.ஏ.டி. சராசரி நகரிலேயே உயர்ந்து நிற்பதில் வியப்பென்ன இருக்கிறது? அதே பிள்ளைகள் வேறொரு நல்ல பள்ளியில் படித்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. சராசரி மதிப்பெண் அதைச் சொல்வதில்லை.

அதை அளக்க முயன்ற ஆய்வுகள் இருக்கின்றன. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுப் பள்ளிகளைப் பற்றி அட்டிலா அப்துல்காதிரோக்லு, ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாத்தக் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் முக்கியமானது. கட்-ஆஃபுக்கு மிகச் சிறிதளவு மேலே வாங்கி இடம் பெற்ற பிள்ளையையும், மிகச் சிறிதளவு கீழே வாங்கி இடத்தைத் தவறவிட்ட பிள்ளையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேர்வு நாளில் ஒரு கேள்விக்கான விடை மாறியதைத் தவிர இவ்விருவருக்கும் திறமையில் வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. ஆகவே பின்னாளில் இவர்களிடையே தோன்றும் வேறுபாட்டைப் பள்ளியின் பங்கு எனக் கொள்ளலாம். ஒருவர் மிகத் திறமையான சகமாணவர்களுக்கு நடுவே படித்தார், மற்றவர் அப்படிப் படிக்கவில்லை. இருந்தும் பின்னாளைய தேர்வு மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நியூயார்க் பள்ளிகளைப் பற்றி வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் இருவரும் தனியே செய்த ஆய்விலும் எஸ்.ஏ.டி. மதிப்பெண், கல்லூரிச் சேர்க்கை ஆகியவற்றில் ஏறக்குறைய இதே முடிவுதான் கிடைத்தது.

இதைப் படித்தவுடன் அப்பள்ளிகளால் பயனே இல்லை என்ற மறுமுனைக்குத் தாவுவதும் தவறுதான். இந்த முறை கட்-ஆஃபுக்கு அருகில் நிற்கும் மாணவர்களைப் பற்றி மட்டுமே பேசக்கூடியது. முதல் வரிசையில் நுழைந்த மாணவருக்கு அப்பள்ளி என்ன செய்தது என்பதை அது சொல்லாது. மேலும், ஸ்டைவசன்ட்டைத் தவறவிட்டவர் பெரும்பாலும் சாதாரணப் பள்ளிக்குப் போவதில்லை, பிராங்க்ஸ் சயின்ஸுக்குப் போகிறார். ஆகவே அந்த இடத்தில் நடப்பது இரண்டு சிறந்த பள்ளிகளுக்கு இடையிலான ஒப்பீடு. ஆய்வுக்கூட வசதி, ஆராய்ச்சி வாய்ப்பு, படிப்பில் ஆர்வமுள்ள நண்பர்கள் ஆகியவை மாநிலத் தேர்வில் எதிரொலிக்க வேண்டியதும் இல்லை. சிகாகோவின் தேர்வுப் பள்ளிகளைப் பற்றிய இன்னோர் ஆய்வில், மதிப்பெண் உயரவில்லை என்றாலும் பள்ளிச் சூழலைப் பற்றி மாணவர்கள் நல்லவிதமாகவே சொல்லியிருந்தார்கள். அதே ஆய்வு கண்ட இன்னொன்று பெற்றோர் காதில் அவசியம் விழ வேண்டியது. வசதி குறைந்த பகுதிகளிலிருந்து இப்பள்ளிகளில் சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ. (பாடங்களில் பெறும் தரப்புள்ளிகளின் சராசரி) குறைந்தது, முன்னணிக் கல்லூரிகளில் அவர்கள் சேரும் வாய்ப்பும் குறைந்தது. எல்லோரும் முதல் மாணவர்களாக இருக்கும் வகுப்பில் யாரோ ஒருவர் கடைசியில் நின்றுதான் ஆக வேண்டும் என்பதைச் சராசரிகள் மறைத்துவிடுகின்றன.

கட்-ஆஃபைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வதும் பரவலாகக் காணப்படும் தவறு. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கட்-ஆஃப் என்பது கடைசி இடத்தைப் பெற்றவரின் மதிப்பெண் என்பதும், விரும்புவோர் கூடினால் அது ஏறும் என்பதும் தெரிந்ததே. நியூயார்க்கிலும் அது முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதில்லை. மாணவர்கள் தரும் விருப்ப வரிசையும் இடங்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. சிகாகோவிலோ ஒரு பள்ளிக்கு ஒரே கட்-ஆஃப் என்பதே கிடையாது. அங்கே 30 விழுக்காடு இடங்கள் மதிப்பெண் வரிசைப்படியும், மீதி 70 விழுக்காடு மாணவர் குடியிருக்கும் பகுதியின் சமூகப் பொருளாதார நிலையை வைத்து வகுத்த நான்கு அடுக்குகளுக்குள்ளும் நிரப்பப்படுகின்றன. எந்த அடுக்கின் எண் என்று கேட்காமல் பேட்டனின் கட்-ஆஃபை இன்னொரு பள்ளியின் கட்-ஆஃபோடு ஒப்பிட முடியாது.

தரவரிசை எப்படி நம்மைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்கிறது என்பதற்கு, டி.ஜே. என்று எல்லோரும் அழைக்கும் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிப் பள்ளி வாரியம் 2020 இறுதியில் அதன் நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் 1.5 விழுக்காட்டினருக்கு இடம் ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதையடுத்து வந்த, யு.எஸ். நியூஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளித் தரவரிசைப் பட்டியலில், 2022இல் முதலிடத்தில் இருந்த டி.ஜே. 14ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. தேர்வை எடுத்ததன் விளைவைப் பாருங்கள் என்று ஒரு தரப்பு உடனே சொல்லத் தொடங்கியது.

ஆனால் 2024 பட்டியல் 2021-22 கல்வியாண்டின் தரவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அதன் ஏ.பி. கணக்கில் இடம்பெற்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பழைய நுழைவுத் தேர்வு வழியாக 2018இல் உள்ளே வந்தவர்கள். புதிய முறையில் வந்த முதல் அணி அந்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தது. மாநிலத் தேர்வுக் கணக்கில் அவர்களுக்குச் சிறு பங்கு இருந்திருக்கலாம் என்றாலும், அந்த அணி பள்ளியை முடித்தது 2025இல்தான். புதிய சேர்க்கை முறை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம், அதை நடத்த வேண்டியதும் அவசியம்; ஆனால் அந்தப் பட்டியலை அதற்குச் சான்றாகக் காட்ட இடமில்லை. 17,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 14ஆம் இடம் என்பது உச்சியிலுள்ள ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்குவது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உச்சியில் பள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக நிற்கும்போது பத்து இடம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மிகச் சிறிய மாற்றமே போதும்.

அந்தப் பட்டியலின் மதிப்பெண் எப்படி உருவாகிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. அதில் 30 விழுக்காடு கல்லூரித் தகுதிக்கு உரியது; பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் எத்தனை பேர் குறைந்தது ஒரு ஏ.பி. அல்லது அதையொத்த ஐ.பி. தேர்வை எழுதினார்கள், எத்தனை பேர் அதில் தேறினார்கள் என்பதைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. ஒரே ஒரு தேர்வில் ஐந்துக்கு மூன்று வாங்கிய மாணவரும், கால்குலஸ், இயற்பியல், வேதியியல் எனப் பத்துத் தேர்வுகளில் ஐந்து வாங்கிய மாணவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். சாதாரணப் பள்ளிகளை வேறுபடுத்திக் காட்ட இது உதவலாம். ஆனால் ஏறக்குறைய எல்லோருமே தேறிவிடும் தேர்வுப் பள்ளிகளில் இந்த எண் கூரையில் முட்டி நின்றுவிடுகிறது. நியூயார்க்கின் மாநிலத் தேர்வான ரீஜன்ட்ஸில் 65 வாங்கினால் தேர்ச்சி என்ற அளவுகோலும் ஸ்டைவசன்ட்டையும் பிராங்க்ஸ் சயின்ஸையும் வேறுபடுத்திக் காட்டாது. இல்லினாய் கணித அறிவியல் அகாடமியோ ஏ.பி. என்ற பெயரில் பாடங்களை நடத்துவதே இல்லை, தன் சொந்தப் பாடத்திட்டத்தையே வைத்திருக்கிறது. அந்தப் பள்ளியை ஏ.பி. எண்ணிக்கையால் அளப்பது பொருளற்ற செயல்.

மாநில எல்லையைத் தாண்டும் ஒப்பீடுகளில் கூடுதல் கவனம் தேவை. மாநிலத் தேர்வுகளின் கடினமும் தேர்ச்சி எல்லையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பது பலருக்கும் தெரியும். பி.எஸ்.ஏ.டி. தேர்வில் சிறந்தவர்களுக்கான நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டியின் செமிஃபைனலிஸ்ட் கணக்கும் அப்படித்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். எஸ்.ஏ.டி.க்கு முன்னோடியான பி.எஸ்.ஏ.டி. நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு என்றாலும், செமிஃபைனலிஸ்ட் இடங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளி முடிப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துத் தரப்படுகின்றன. அதனால் நியூ ஜெர்சியில் தவறிப்போகும் ஒரு மதிப்பெண், மேற்கு வர்ஜீனியாவில் வசதியாகத் தேறிவிடும். நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டி அகாடமீஸையும் தென் மாநிலத்துப் பள்ளி ஒன்றையும் இந்த எண்ணிக்கையால் ஒப்பிட்டால் முதல் பள்ளிக்குத்தான் நட்டம்.

எண்ணிக்கையை விகிதமாக மாற்றாமல் பேசுவதும் உண்டு. நியூயார்க்கின் புரூக்லின் டெக் பள்ளியில் ஏறத்தாழ 6,000 மாணவர்கள். நியூ ஜெர்சியின் ஹை டெக்னாலஜி பள்ளியில் சுமார் 300 பேர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான ரீஜெனரான் என்ற தேசிய அறிவியல் போட்டியில் தேர்வாகும் 300 பேரில் எந்தப் பள்ளிக்கு எத்தனை பேர் என்று பார்க்கும்போது இந்த அளவு வேறுபாடு மனத்தில் இருக்க வேண்டும். அதேபோல, சிறிய பள்ளியின் விகிதம் மூன்று நான்கு மாணவர்களாலேயே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் என்பதால், அங்கே ஓராண்டின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பட்டியலைப் பொறுத்தவரை ஒன்றே சொல்லலாம். பிராங்க்ஸ் சயின்ஸ் ஒன்பது நோபல் அறிஞர்களைத் தந்த பள்ளி, அது பெருமைக்குரியதுதான். ஆனால் அவர்களில் ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1950இல் படித்து முடித்தவர்கள். அன்றைய பள்ளியைப் பற்றி அது சொல்வதை இன்றைய வகுப்பறைமேல் ஏற்ற முடியாது.

பள்ளியை விட்டு விலகியவர்களின் கணக்கை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பள்ளி முடித்தோர் விகிதத்தைக் கணக்கிடும்போது, முறைப்படி வேறு பள்ளிக்கு மாறிச் சென்றவர் அந்த அணியிலிருந்தே நீக்கப்படுகிறார். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, சுமை தாங்காமல் பத்தாம் வகுப்பில் வீட்டருகே உள்ள பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை, முதல் பள்ளி காட்டும் பள்ளி முடித்தோர் விகிதத்தைக் குறைப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் பதிலாக எதைப் பார்ப்பது என்று கேட்டால், பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களுடன் பள்ளிகள் அனுப்பும் ஸ்கூல் புரொஃபைல் என்ற ஆவணத்தை முதலில் படிக்கச் சொல்வேன். பல பள்ளிகள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. ஜி.பி.ஏ. எந்த எல்லைக்குள் எத்தனை பேருக்கு அமைந்தது, எஸ்.ஏ.டி.யில் நடுப்பகுதி மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தெந்த உயர்நிலைப் பாடங்கள் நடக்கின்றன என்பவை பெரும்பாலும் அதில் இருக்கும். அதிலும் இல்லாததை, பெற்றோர் பள்ளியைப் பார்க்க வரும் ஓப்பன் ஹவுஸ் நாளில், மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சலரிடம் நேரடியாகக் கேட்கலாம். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 மட்டும் முடித்து வந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குள் எந்தக் கணிதப் பாடம்வரை எட்டினார்கள், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் வெளியேறினார்கள், வகுப்பின் கடைசிக் கால் பகுதியில் இருந்த மாணவர்கள் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரிகளில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த பள்ளியிலும் அதே கேள்விகளை அதே சொற்களில் கேளுங்கள்.