ஆய்வு மாணவருக்கு எழுத்தை எப்போது பழக்குவது?

காரைக்குடியில் உயிரியல் பி.எச்.டி. மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். புதிதாக கைடு ஆனவர்கள், எழுத்துப் பயிற்சியை எந்த வருஷத்தில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். மாணவர் சேர்ந்த வாரமே தொடங்குங்கள். ஆய்வு முடியட்டும் என்று விட்டால், எழுத உட்காரும்போதுதான் ஓட்டை தெரியும். அதற்குள் மாதிரி எடுக்க வேண்டிய மழைக்காலம் போயிருக்கும்.

முதலில் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். "செட்டிநாட்டு ஊருணிகளில் நுண்ணுயிர்கள்" என்பது வெறும் தலைப்பு. "வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஊருணித் தண்ணீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா கூடுகிறதா?" என்று கேட்டால்தான் வேலை தொடங்கும். என்ன விடை வந்தால் தன் எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்வார் என்பதையும் அதன் கீழேயே எழுத வேண்டும். அப்புறம், வரப்போகும் கிராஃபைப் பென்சிலால் போடச் சொல்லுங்கள்.

அந்த கிராஃபில் ஒரு புள்ளி என்பது எது? நான் அதிக நேரம் உட்காருவது இங்கேதான். கானாடுகாத்தானில் ஒரே ஊருணியில் பத்து பாட்டில் பிடித்துவிட்டு, பத்து மாதிரி என்று எழுதுவார்கள். அது ஒரே ஊருணிதான். ஒரு பாட்டில் தண்ணீரிலிருந்து பாக்டீரியா வளர்க்கப் போட்ட மூன்று தட்டுகள் கை எவ்வளவு சீராக வேலை செய்தது என்பதை மட்டுமே காட்டும். செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், புதுவயல் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். மழைக்கு முன்பு போன அதே ஊருணிகளுக்கு மழைக்குப் பின்பும் போக வேண்டும். அப்படியும் வேறுபாட்டுக்கு மழைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வெயிலும் குறைந்திருக்குமே! சூழலியலாளர் ஹர்ல்பர்ட் ஒரே இடத்தில் எடுத்ததைப் பல தனி மாதிரிகளாக எண்ணும் பிழையைப் பற்றி 1984-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை முதல் மாதமே படிக்கக் கொடுங்கள்.

செய்முறைப் பகுதியை அன்றன்று சாயங்காலமே எழுத வேண்டும். ஐஸ் பெட்டி லேபுக்கு எத்தனை மணிக்கு வந்தது, பாக்டீரியா வளர்க்கும் மெக்கான்கி அகார் எந்த பேட்ச், தண்ணீரை எத்தனை மடங்கு நீர்க்க வைத்து எண்ணினார் என்பதெல்லாம் ஒரு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது. 30 முதல் 300 காலனி (தட்டில் புள்ளியாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) வரை உள்ள தட்டுகளைத்தான் கணக்கில் எடுக்கிறோம் என்றால் அதையும் எழுதட்டும். நோட்டில் பக்க எண் இருக்க வேண்டும். பேனாவால் எழுத வேண்டும். தவறைப் படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்தால் போதும், தாளைக் கிழிக்கக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து படிக்கும் ஜர்னல் கிளப்பில், கட்டுரையின் சுருக்கத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் காட்டுங்கள். முடிவை மாணவர்களே சொல்லட்டும், பிறகு கட்டுரையை எழுதியவர்கள் சொன்னதோடு ஒப்பிடலாம்.

பேச்சுப் பயிற்சிக்கு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய, ஆய்வை மூன்று நிமிடத்தில் விளக்கும் போட்டியின் முறை நல்லது. ஒரே ஸ்லைடு, மூன்றே நிமிடம். நான் அதைத் தமிழில், மாதிரி எடுத்த ஊரிலேயே பேசச் சொல்கிறேன். ஊருணிக் கரையில் ஓர் ஆச்சி, "அப்போ இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா தம்பி?" என்று கேட்டால், எந்தத் தேர்வாளரின் கேள்வியும் அந்த அளவுக்குக் கூர்மையாக இருக்காது. கோலிஃபார்ம் இருப்பது அசுத்தம் கலந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி. அதுவே நோய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல அது போதும். தன் தரவு எதுவரை பேசும் என்பதை மாணவர் அங்கே நின்று யோசிக்கிறார். கட்டுரையின் விவாதப் பகுதி அன்றைக்கே பாதி தயாராகிவிடும்.

வரைவைத் திருத்தும்போது நீங்களே மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். ஓரத்தில் கேள்வி மட்டும் போடுங்கள்: "எதைவிட அதிகம்?", "யார் எண்ணியது?" நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 யு.ஜி.சி. விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் இல்லை. அதனால் எண்ணிக்கைக்காக அவசரப்படுத்த வேண்டியதில்லை, ஒரு நல்ல கட்டுரையை நிதானமாக எழுத வைக்கலாம். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை மட்டும் முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி, நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.