சின்னக் கம்பெனிக்கு சிஸ்டம் எடுத்துத் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோட்டு மஞ்சள் மண்டி, கோயமுத்தூர் பம்ப் பட்டறை என்று யார் கம்ப்யூட்டர் கேட்டுக் கூப்பிட்டாலும் முதல் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லதா ஒரு ஐ7 போட்டுக் குடுத்துருங்க தம்பி." அதைக் கேட்டதும் கொட்டேஷன் அடித்துக் கொடுப்பதுதான் முதல் தவறு. சிஸ்டத்தில் யார் உட்காரப் போகிறார், என்ன வேலை பார்ப்பார், அதை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கன்ஃபிகரேஷனை எழுத வேண்டும்.

ஐ7 என்ற இன்டெல் பிராசஸர் பேரை நம்பிப் பணம் போடுகிறவர்கள் நிறைய. 2013-ல் வந்த ஐ7-4770-ஐவிட 2022-ல் வந்த ஐ3-12100 வேகமானது. பழைய ஐ7-ஐத் துடைத்துப் பளபளவென்று குறைந்த விலைக்குத் தருவார்கள். ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது. கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் பரிவர்த்தனை எல்லாம் நடக்கிற சிஸ்டத்தைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஒப்படைப்பது, நம்மை நம்பியவருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

டேலி, பில்லிங், பிரவுசர் மட்டும் என்றால் புதுத் தலைமுறை ஐ3, 16 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) தாராளம். அதற்குமேல் கிராபிக்ஸ் கார்டு போட்டு பில்லை ஏற்ற வேண்டியதில்லை. இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் மட்டும் கவனம்: அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. பட்டறையில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் ஓடுமானால், கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள்; அந்த மென்பொருளின் பெரும்பகுதி வேலை ஒரே கோரில்தான் நடக்கிறது. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருள் என்றால் அந்த நிறுவனத்தின் சான்றுப் பட்டியலில் உள்ள கிராபிக்ஸ் கார்டாக எடுங்கள். கேமிங் கார்டு அங்கே சரிப்படாது.

நம் பக்கத்தில் பலர் கவனிக்காமல் விடுவது பஞ்சுத் தூசி. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டியே ஆபீஸ் இருக்கும். முன்பக்கம் மூன்று ஃபேன் வைத்த அழகான கேபினட்டை அங்கே வைத்தால், ஒவ்வொரு ஃபேனும் பஞ்சை உள்ளே இழுக்கும். பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் அது கம்பளிபோல் படிந்து, பிராசஸர் சூடேறி, சிஸ்டம் தானாக அணையும். 'விண்டோஸ் கெட்டுப்போச்சு' என்று ஃபார்மட் அடிப்பார்கள், மறு வாரமே திரும்ப அணையும். அப்படிப்பட்ட இடத்துக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வலை வைத்த கேபினட், குறைந்த மின்சாரம் தின்னும் பிராசஸர், தரையில் வைக்காமல் மேசை உயரத்தில் இடம் என்று யோசியுங்கள். பட்டறை கம்ப்ரசரை அப்படியே பிடித்து ஊதவும் விடாதீர்கள், டேங்க்கில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து வரும்.

அடுத்தது கரண்ட். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கும் லைனிலேயே ஆபீஸ் பிளக்கும் இருக்கும். எர்த் பின் பெயருக்குத்தான் இருக்கும். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்னும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சிஸ்டம் இறக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். 600 விஏ யுபிஎஸ் என்றால் 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் தாங்கும். லேசர் பிரின்டரை அதில் மாட்டவே கூடாது.

பழைய உபகரணங்களைக் கேட்க மறப்பதும் உண்டு. மண்டியின் எடைமேடை சீரியல் போர்ட்டில் பேசும், லாரி ஆபீஸின் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் பேரலல் போர்ட்டைக் கேட்கும், எம்பிராய்டரி டிசைன் மென்பொருள் யுஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் சாவி) இல்லாமல் திறக்காது. அந்த டாங்கிளுக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று அட்வான்ஸ் வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள்.

வாங்கும் இடத்தில் வரும் தவறு வேறு வகை. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ விலை கொஞ்சம் குறையலாம். பழுதானால் பொருளைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது யார் என்று முதலில் தீர்மானியுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்று சொல்வார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள வாடிக்கையாளர், தன் எண் போட்ட பில் இருந்தால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், வழக்கமாக அதில் மிச்சமே இல்லை. வாரண்டி கேட்கும் ஆதாரமும் கையைவிட்டுப் போகும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும்.

கம்பெனிகள் கழித்த பிராண்டட் சிஸ்டம் மலிவுதான். ஆனால் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) மதர்போர்டும் அந்த பிராண்டுக்கே உரிய அளவில் இருக்கும், கடையில் கிடைக்கும் பொதுவான பாகம் பொருந்தாது. புது பிராண்டட் எடுத்தால், நேரில் வந்து பார்க்கும் சர்வீஸ் தாராபுரத்துக்கும் கோபிக்கும் உண்டா என்று பின்கோடு சொல்லி விசாரியுங்கள்.

விண்டோஸ் ஹோமா புரோவா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். முதலாளி வீட்டிலிருந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நுழைய விரும்பினால், ஆபீஸில் புரோ இருக்க வேண்டும். புதுசு வந்ததும் பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வாடிக்கையாளரிடமே கொடுத்து, வருடக் கணக்கு முடியும்வரை பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.