தோமையார் தடத்தில் ஒரு நாள்: பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம்

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் கி.பி. 72இல் கொல்லப்பட்டார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. அந்த வரிசையிலேயே போகத்தான் ஆசை வரும். சென்னை வெயில் விடாது. மலையை முதலில் முடித்துவிடுங்கள்.

1. கிளம்பும் முன்

ஞாயிறு வேண்டாம். அடுத்தடுத்துப் பூசை இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை, தண்ணீர், சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு போதும். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம்.

2. பரங்கிமலை, காலை ஏழு மணி

பரங்கிமலை மெட்ரோவில் இறங்கி, அடிவாரத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். சுமார் 300 அடி உயரம். வண்டிப் பாதை உண்டு, ஆனாலும் கால் ஒத்துழைத்தால் படியேறுங்கள். படிகளைக் கட்டித் தந்தவர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் இவர்தான்.

உச்சியில் விமானங்கள் இறங்குவதைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. அங்குள்ள மாதா கோயிலுக்குள் போய்ப் பீடத்துக்கு அருகே நின்று கல் சிலுவையைப் பாருங்கள். 1547இல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் கோடுகளைப் பூ வேலை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவை பஹ்லவி எழுத்துகள், பழைய பாரசீகத்தின் எழுத்து. தோமையாரே செதுக்கியது என்பது நம்பிக்கை. ஆய்வாளர்கள் பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார்கள்.

3. உள்ளே பூசை நடந்தால்

கடைசி பெஞ்சில் உட்காருங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுந்து நில்லுங்கள். முழந்தாளிட வேண்டிய கட்டாயமில்லை. நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம் வாங்கும் வரிசையில் மட்டும் சேராதீர்கள். பிரசாதம் என்று நினைத்து என் நண்பன் ஒருமுறை போய் நின்றுவிட்டான். பக்கத்திலிருந்த பாட்டி மெல்லக் கையைப் பிடித்து, “இது கத்தோலிக்கர்களுக்குத்தான் தம்பி” என்று உட்கார வைத்தார். போன் சைலண்டில், பிளாஷ் கூடாது.

4. சின்னமலை

ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறினால் கிண்டிக்கு அடுத்த நிலையம். போர்த்துக்கீசியர் 1551இல் கட்டிய பழைய கோயிலுக்குள் குகை இருக்கிறது. தலை குனிந்துதான் நுழைய வேண்டும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியே வந்த பிறகு அடுத்தவர் போவது நல்லது. அப்புறம், பாறையிலுள்ள ஊற்றையும் பார்த்துவிடுங்கள்.

5. சாந்தோம்

இங்கிருந்து ஆட்டோதான் வசதி. இப்போதுள்ள வெள்ளைக் கோபுரக் கோயில் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. புதியவர்கள் தவறவிடுவது கல்லறையை. அதற்கு வழி பெரிய கோயிலுக்குள் இல்லை. பின்பக்கம் சுற்றிப் போய்ப் படியிறங்க வேண்டும். எலும்புகளில் பெரும்பகுதி இன்றைய துருக்கியிலுள்ள எடெஸ்ஸாவுக்குப் போய், 1258இலிருந்து இத்தாலியின் ஓர்தோனாவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் இங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

மேலே வந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்தால் தோமையார் கம்பம் நிற்கிறது. கடல் அதைத் தாண்டி வராது என்பது அந்தப் பகுதி மீனவர்களின் நம்பிக்கை.