பிரேக் வேலைக்கு முன் ஒரு அளவு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் காலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிரிக்கும் முன்பே, அதன் பிஸ்டனுக்கான ரப்பர் சீல் கிட்டை வாங்கி வைத்துவிடுங்கள். சக்கரத்தையும் பேடையும் மட்டும் கழற்றி, பேடைத் தள்ளும் பிஸ்டனின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, காலிப்பரில் வார்த்திருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டோ எடுத்தால் போதும். வண்டி பட்டறையில் வாரக்கணக்கில் கிடப்பது பெரும்பாலும் பாகம் வராததால்தான். ஒரே காலிப்பர் பல மாடல்களில் வந்திருக்கலாம். கார் பெயரைச் சொன்னால் கைவிரிக்கும் கடைக்காரர் எண்ணைப் பார்த்ததும் எடுத்துத் தருவதுண்டு. பாலக்காட்டில் இல்லையா? சரி, கோயம்புத்தூர்க் கடைக்கு முதலில் அளவையும் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அப்புறம் வாளையார் எல்லையைத் தாண்டலாம்.

பிஸ்டன் துருவேறிக் குழி விழுந்திருந்தால் சீல் மட்டும் உதவாது. பிரேக் ஆயில் கசிந்தாலோ பெடல் தரைவரை போனாலோ, பாகம் வரும்வரை ஓட்டலாம் என்ற கணக்கே வேண்டாம்.